சிவப்பு ஒன்றில், நீலம் ஒன்றில்

மாமா எந்த வேலையைத் தொடங்கினாலும் முதல் துளி அவருடைய இடது கட்டைவிரல் நகத்துக்குத்தான். பெயின்ட்டைக் காற்றால் பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷை வலது கையில் பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டு, இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, நகத்தின் மேல் ஒரு புள்ளி அடிப்பார். கடுகில் பாதி இருக்கும். அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புவார். ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மறு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்கி "ம்" என்பார். அந்த "ம்" வரும்வரை அறையில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவருடைய நினைப்பு. யாரும் நின்றதில்லை. புள்ளியை இடுப்போரம் சட்டையில் துடைத்துக்கொள்வார். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் அந்த ஓர் இடம் மட்டும் அடிபட்டுக் கன்றிய தோல் மாதிரி இருக்கும்.

நகத்திலும் ஒழுங்கு உண்டு. இடது பாதி சிவப்புக்கு, வலது பாதி நீலத்துக்கு. நடுவில் ஒரு மயிரிழை வெறும் நகம். அந்த எல்லையை அவர் தாண்டி நான் பார்த்ததில்லை, ஒருமுறை தவிர.

வீட்டிலும் இதே கதைதான். மகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும் முன் பேனாவை நகத்தில் கிறுக்கிப் பார்ப்பார்.

"ஒரு கையெழுத்துக்கு எதுக்குங்க ஒத்திகை?" என்பாள் அக்கா.

"கோடு போடுறவனுக்குத்தான் கோட்டோட அருமை தெரியும்."

"நாப்பத்தி ரெண்டு மார்க்குக்குக் கீழ போடுற கோடுங்க அது. சீக்கிரம் போடுங்க, பிள்ளைக்கு பஸ் போயிடும்."

மாமா என்றால் அக்காவின் கணவர். மருத்துவக் கல்லூரிகளுக்கு உடலுறுப்பு மாதிரிகள் செய்து அனுப்பும் ஒரு சின்னக் கம்பெனியில் பெயின்டர். பிளாஸ்டரில் வார்த்த இதயம், திறந்து மூடும் சிறுநீரகம், மூக்கின் நடுவே நேராக வெட்டிய பாதித் தலை, கால்பந்து அளவுக்கு ஒரு கண். அவற்றின் மேல் ரத்தக் குழாய்களை வரைவது அவர் வேலை. அதனால் அவருக்கு நரம்பர் என்று பெயர். நரம்பு வேறு, ரத்தக் குழாய் வேறு என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டார். பெயர் போகவில்லை. எனக்கும் அங்கேயே பேக்கிங் அறையில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். நான் இதயங்களை வைக்கோலில் புதைத்து, பெட்டியை மூடி, மேலே விலாசம் எழுதுவேன். வேலை வாங்கிக் கொடுத்தவரை இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், அவர் அதைச் சொல்லிக்காட்டாத ஒரு வாரத்தை எனக்குக் காட்டட்டும்.

"நாட்டுல இருக்கிற டாக்டருங்கள்ல பாதிப் பேர் என் கோட்டைப் பாத்துத்தான் படிச்சிருக்காங்க மாப்ளே," என்பார். சளிக்கு மருந்து வாங்கப் போனால் டாக்டரிடமும் இதைச் சொல்வார். நான் ஒருமுறை கூடப் போயிருந்தேன். டாக்டர் நாற்பது வயதுக்காரர், களைத்துப் போயிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, வாயைத் திறங்க," என்றார். வெளியே வந்ததும் மாமா, "பாத்தியா, பேச்சே வரல அவருக்கு," என்றார்.

பெயின்டிங் அறையில் ஆறு பேர். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். சிவப்பு ஊற்றிய ஏர்பிரஷ்ஷில் நீலத்தை ஊற்றக் கூடாது. நீலம் ஊற்றியதில் சிவப்பை ஊற்றக் கூடாது. என்னதான் கழுவினாலும் ஊசியின் இடுக்கில் ஒரு பொட்டு மிச்சம் இருக்கும். அது கலந்தால் ஊதா. மனித உடம்பில் ஊதா நிறக் குழாய் கிடையாது என்பது கம்பெனியின் கொள்கை. ஒரு கல்லூரியிலிருந்து ஊதா ஓடிய ஈரல் ஒன்று திரும்பி வந்ததிலிருந்து அந்த அறையில் 'ஊதா' என்பது கெட்ட வார்த்தை. ஆளுக்கு இரண்டு ஏர்பிரஷ், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. சிவப்பு, பாட்டிலில் தயாராக வரும். நீலத்தை முதலாளியே பொடி வாங்கி, அரைக்க வைத்துக் கலப்பார். அதனால் அது எப்போதும் கொஞ்சம் நறநறவென்றுதான் இருக்கும்.

பழைய ஏர்பிரஷ்கள் தேய்ந்துபோய்க் கோடு போடுவதற்குப் பதில் தும்மத் தொடங்கின. முதலாளி இரண்டு நல்ல கம்பெனிகளிடமிருந்து கம்பெனிக்கு ஒன்றாக வரவழைத்தார். ஒன்று முழுவதும் வெள்ளி நிறம். இன்னொன்றுக்குக் கைப்பிடி மட்டும் கறுப்பு. இரண்டும் ஊசிமுனையில் தலைமுடி போலக் கோடு போடக் கூடியவை, இரண்டும் விலை கூடியவை. பெட்டியைத் திறந்தபோது பெயின்டர்கள் தொட்டிலை எட்டிப் பார்ப்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

"ரெண்டு வாரம் வேலை செஞ்சு பாருங்க," என்றார் முதலாளி. "எது நல்லதுன்னு எழுதிக் குடுங்க. அதுலயே வேணுங்கிறதை மொத்தமா வாங்கிடறேன். இன்னொண்ணு, இந்த ரூமைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும் எனக்கு. யார் சரியா எழுதிக் குடுக்கிறாங்களோ, அவங்களையே போட்டுடறேன்."

எழுத முன்வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமா. பதினெட்டு வருடமாக அந்த நாற்காலிக்காகவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பவர். இன்னொருத்தி, கண் மாதிரிகளின் வெள்ளைப் பகுதியில் சிவப்பு இழைகளை ஓட்டும் பெண். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். அதனால் அவள் பெயரும் கண்ணாடி. அதிகம் பேச மாட்டாள். வேலை செய்யும்போது கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

மாமா இரண்டையும் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டு போனார். வெள்ளியில் சிவப்பை ஊற்றினார். கறுப்பில் நீலத்தை ஊற்றினார். பதினெட்டு வருடப் பழக்கம். காலையில் எழுந்ததும் செருப்புக்குள் கால் நுழைகிற மாதிரி, கை தானாகச் செய்தது. நானும் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் அவர் பண்ணிய ஆர்ப்பாட்டத்தைச் சொல்லி மாளாது. கோடு போடுவார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார், காதருகே கொண்டு போய்க் காற்றின் சத்தத்தைக் கேட்பார். மூன்றாம் நாளே இரண்டுக்கும் சுபாவம் கற்பித்துவிட்டார்.

"வெள்ளிக்காரி பேசறா மாப்ளே. நான் நினைக்கிறதுக்கு முன்னாடி போயிடறா. கறுப்பன் இருக்கானே, துப்பறான். பத்துக் கோட்டுக்கு ஒரு தடவை மூக்கை அடைச்சுக்கறான். வம்சம் சரியில்ல."

கண்ணாடிக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவை கிடைத்தன. ஒருநாள் மாமா கை கழுவிவிட்டுச் சீக்கிரம் வந்துவிட்டார். அவள் கறுப்பில் சிவப்பை ஊற்றிக் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீலத்துல சிவப்பை ஊத்தினியா?"

"நல்லா கழுவிட்டுத்தான் ஊத்தினேன் அண்ணா. ரெண்டுலயும் ஒரே மாதிரி பாக்கலாம்னு..."

"கழுவினியா! உங்க வீட்டு டம்ளரா இது, கழுவிக் கவுத்து வைக்க? ஊதா வந்தா நீயா பதில் சொல்லுவே?"

அறையே திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. மாமா இரண்டு ஏர்பிரஷ்ஷையும் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். நான் விலாசச் சீட்டுகளை எண்ணுவது போல நின்றேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் கவிதை புக்கெல்லாம் படிக்கிறியே, நல்ல தமிழா போட்டு எழுது," என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவர் நடந்துகொண்டே சொன்னார், நான் எழுதினேன். 'உயிரின் ஓட்டத்தை உணர்ந்த கருவி' என்று வெள்ளியைப் பற்றிச் சொன்னார். 'விரலுக்கும் மனதுக்கும் பாலமாக விளங்குகிறது' என்றார். கறுப்புக்கு, 'முரட்டுப் பிறவி.' ஒரு கருவி பாலமாக விளங்கியதை எழுதியபோது என் பேனாவுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன். ஒன்பது பக்கம் ஆகிவிட்டது. பத்தாவது பக்கத்தில் அடைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீலத்தின் ஓட்டத்தில் கறுப்பு தடுமாறியது. போட்டுக்கோ. சிவப்பின் ஓட்டத்தில் வெள்ளி சற்றும்..."

அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்.

"கறுப்புல சிவப்பை விட்டுப் பாக்கலையா?"

"அதெப்படி விடறது? அது நீல பிரஷ்."

"அதுக்கு யாரு நீலம்னு பேர் வச்சது?"

மாமா நின்றார். "நான்தான் நீலத்தை ஊத்தினேன்."

"அப்ப வெள்ளியில நீலத்தை விட்டும் பாக்கல."

"இந்தா பாரு, இது அடுப்பு வேலை இல்ல."

"அடுப்பு வேலையேதான்," என்றாள் அக்கா. கையில் நுரையோடு திரும்பினாள். "ஒரு சட்டியில தண்ணியை வச்சீங்க, இன்னொரு சட்டியில கஞ்சியை வச்சீங்க. கஞ்சி அடிப்பிடிச்சுது. உடனே சட்டி சரியில்லன்னு பத்துப் பக்கம் எழுதறீங்க. எழுதறதுக்கு இவன் ஒருத்தன் வேற. டேய், உனக்காவது தோண வேணாம்?"

நான் பேனாவை மூடினேன். சட்டென்று அந்தப் பெண் சொல்லி முடிக்காமல் விட்டது ஞாபகம் வந்தது. ரெண்டுலயும் ஒரே மாதிரி பாக்கலாம்னு.

மாமாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பதினெட்டு வருஷமா பெயின்ட் நாத்தத்துல நிக்கிறவன் நான். நீ எனக்குச் சட்டி கதை சொல்றே," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

"கோவத்துல போறாரா, யோசிக்கப் போறாரா?" என்று கேட்டேன்.

"யோசிக்கிற ஆளா இருந்தா நான் ஏன்டா இப்படிப் பேசிட்டு இருக்கேன்?" என்றாள் அக்கா.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்தும் மாமா அரைமணி நேரம் பின்தங்கினார். ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றுத் தரும் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் வெளிக் கதவுவரை கேட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது அவருடைய கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன். எல்லையைக் காணவில்லை. நகம் முழுக்க ஊதா.

"என்ன மாமா, கலந்துடுச்சா?"

அவர் விரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார். "கை தவறிடுச்சு. சாப்பிடு."

பதினெட்டு வருடத்தில் தவறாத கை. ஆள் ஆடிப்போயிருக்கிறார், வேலையில் கவனம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் பத்தாவது பக்கத்தை எடுக்கச் சொன்னார். மாற்றப் போகிறார் என்று நம்பி எடுத்தேன்.

"எழுது. சிவப்பு, நீலம் ஆகிய இரண்டையும் இரண்டு கருவிகளிலும் மாற்றி ஊற்றிச் சோதித்ததில், எந்த நிறத்திலும் வெள்ளியே சிறந்தது."

நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறே? எழுது."

செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதச் சொல்கிறார், சோதித்துப் பார்க்கக்கூடச் சோம்பல், வாய் மட்டும் குறையவில்லை என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே எழுதினேன். என் கையெழுத்து வழக்கம்போல அழகாக இருந்தது. அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

சனிக்கிழமை இரண்டு அறிக்கைகளையும் முதலாளியிடம் கொண்டு போனவன் நான்தான். மாமாவுடையது பதினோரு பக்கம். கண்ணாடியுடையது நோட்டிலிருந்து கிழித்த அரைப் பக்கம். படியேறும்போது படித்தேன். 'இரண்டிலும் ஒரே சிவப்பை ஊற்றிப் பார்த்தேன். கறுப்பில் கோடு இன்னும் மெலிதாக வருகிறது. விசை விரலுக்குச் சுகமாக இருக்கிறது. நீலத்தையும் இரண்டிலும் ஊற்றிப் பார்க்க வேண்டும். எனக்கு நேரம் கிடைக்கவில்லை.' இவ்வளவுதான். அதில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. அப்படி எழுத நான் ஆசைப்பட்டதுண்டு.

முதலாளி பதினோரு பக்கத்தைக் கையில் வைத்து லேசாக ஆட்டினார். "என்னய்யா, தீசிஸ் மாதிரி இருக்கு!" கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார். அரைப் பக்கத்தை மேசை ஓரம் வைத்தார். மின்விசிறிக் காற்றில் அது கீழே விழுந்தது. நான் எடுத்து மறுபடி மேசை ஓரமே வைத்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன். இந்தக் கதையில் இகழ வேண்டியவர் மாமா ஒருவர்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்த மாதம் பன்னிரண்டு வெள்ளிகள் வந்தன, ஆறு சிவப்புக்கு, ஆறு நீலத்துக்கு. சிவப்புக்குப் போனவை ஒழுங்காக ஓடின. நீலத்துக்குப் போனவை மூன்று கோட்டுக்கு ஒருமுறை அடைத்துக்கொண்டன. நாள் முழுக்க ஆறு பேரும் ஊசியை உருவித் தின்னரில் முக்கி ஊதிக்கொண்டிருந்தார்கள். பெயின்டிங் அறை, மூக்கடைத்தவர்களின் ஆஸ்பத்திரியாக மாறிவிட்டது.

"வெள்ளிக்காரிக்கு இப்ப பேச்சே வரலையேண்ணா," என்று ஒருவர் கிண்டல் செய்தார்.

"பிடிக்கிற கை பிடிச்சாப் பேசுவா," என்றார் மாமா. புதிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குக் கை வைத்திருந்தது. அவர் இரண்டு கைகளையும் அதன் மேலேயே வைத்திருந்தார்.

கண்ணாடி ஒருநாள் அவர் முன்னால் போய் நின்றாள். "அந்தக் கறுப்பு ஒண்ணே ஒண்ணு இருந்துதே அண்ணா, அதை எனக்குக் குடுங்களேன். கண் வேலைக்கு மட்டும்."

"அது சாம்பிள். திருப்பி அனுப்பியாச்சு."

"அந்த ஏர்பிரஷ் கம்பெனியில எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. கேட்டுப் பாக்கட்டுமா?"

இந்தக் கேள்விதான் அவளுக்கு வினையானது. அதற்கு அடுத்த வாரமே, அவளுக்குக் கை நடுங்குகிறது, நுண்ணிய வேலைக்கு ஆகாது என்று சொல்லி, பிளாஸ்டர் ஊற்றும் பக்கம் அனுப்பினார். தலைமுடியில் கால்வாசி மெலிதாகக் கோடு போட்ட பெண், வாளி தூக்கினாள். கண்ணாடியில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். நான்கு மாதம் வந்தாள். பிறகு வரவில்லை. அவளுக்குப் பிறகு நாங்கள் அனுப்பிய கண்களெல்லாம் தூக்கம் கெட்டவர்களின் கண்களாகத் தெரிந்தன. வைக்கோலில் புதைக்கும்போது நான் அவற்றைக் குப்புறத்தான் வைப்பேன்.

அக்கா சட்டிப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. "ரூமைப் பாத்துக்கிறவர் வந்துட்டார், தட்டை வை," என்று மகளிடம் சொல்வாள், அவ்வளவுதான். மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் திறமை அவருக்கு இருந்தது. அவர் கோடு நடுங்கத் தொடங்கியபோதுகூட, 'அனுபவக் கோடு' என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, அறுக்கப் போகிற டாக்டரிடம், "உள்ள பாக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும் உங்களுக்கு, எல்லாம் நான் போட்ட கோடுதான்," என்று சொல்லியிருக்கிறார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டாள். அவருடைய மருத்துவக் காப்பீட்டு அட்டை கம்பெனி இழுப்பறையில் இருந்தது. எடுத்து வரச் சொல்லி அவள்தான் சாவியைக் கொடுத்தாள். அவருடைய சட்டைப் பையில் இருந்ததாம்.

அட்டை மேலேயே கிடந்தது. அதை எடுக்கும்போது அடியில் விரித்திருந்த செய்தித்தாள் புடைத்திருந்தது தெரிந்தது. தூக்கினேன். திருப்பி அனுப்பியதாகச் சொன்ன கறுப்புக் கைப்பிடி ஏர்பிரஷ், துணி சுற்றி, ஊசிக்கு எண்ணெய் போட்டு, அப்படியே இருந்தது. அதற்கும் அடியில் ஒரு வரைதாள், நான்காக மடித்தது. மேலே தேதி. அந்த வெள்ளிக்கிழமை.

தாளில் நான்கு கட்டங்கள். வெள்ளியில் சிவப்பு, வெள்ளியில் நீலம், கறுப்பில் சிவப்பு, கறுப்பில் நீலம். ஒவ்வொன்றிலும் இருபது கோடு. வெள்ளியின் நீலம் நான்காவது கோட்டிலேயே சிதறியிருந்தது. கறுப்பின் நீலம் ஒரே ஒரு இடத்தில் திக்கிவிட்டு, தாளின் ஓரம்வரை ஓடியிருந்தது. அதே நறநறத்த நீலம். கறுப்பின் சிவப்பு, கண்ணில்கூடப் போடலாம் போல மெலிந்திருந்தது. மூலையில் ஊதாவாக ஒரு கட்டைவிரல் ரேகை.

கடைசிக் கோட்டுக்குக் கீழே எழுத்து. பேனாவில் அல்ல. அந்தக் கறுப்பு ஏர்பிரஷ்ஷால், நீலத்தில், ஒவ்வொரு எழுத்தும் அரிசியில் பாதி. அவர் வாழ்நாளில் போட்ட கோடுகளில் அதைவிடச் சுத்தமானதை நான் பார்த்ததில்லை.

'சட்டியில தப்பில்ல.'